பயிற்சியில் இல்லாத பாடம்

உத்தரப்பிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தின் குப்பாபூர் கிராமத்தில், 2023 ஆகஸ்ட் மாதம், தனியார் பள்ளியொன்றின் வகுப்பறையில் ஏழு வயது முஸ்லிம் சிறுவன் அழுதபடி நிறுத்தப்பட்டிருந்தான். வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை என்பது அவன் மீதான குற்றம். நாற்காலியில் அமர்ந்திருந்த ஆசிரியை, சக மாணவர்களை எழுப்பி அவனை அறையச் சொன்னார். மெதுவாக அறைந்த குழந்தைகளிடம் இன்னும் ஓங்கி அறையுமாறு கூறினார். சிறுவனின் மதத்தைச் சுட்டி அவர் பேசியதும் காணொலியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. இது ஒரு சிறிய விஷயம் என்பதே பின்னர் அவர் அளித்த விளக்கம்.

வழக்கு உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. மாநிலக் காவல்துறை வழக்குப் பதிவு செய்வதில் காட்டிய தாமதத்தை 2023 செப்டம்பரில் நீதிமன்றம் கண்டித்தது. பாதிக்கப்பட்ட சிறுவனுக்கு மட்டுமின்றி, அவனை அறையும்படி ஏவப்பட்ட குழந்தைகளுக்கும் உளவியல் ஆலோசனை வழங்க வேண்டும் என்றது. அந்த உத்தரவை நிறைவேற்றுவதில் ஆதித்யநாத் அரசு காட்டிய அலட்சியத்திற்காக மீண்டும் மீண்டும் கண்டனம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அறைந்த குழந்தைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்தான் அந்த உத்தரவின் முக்கியத்துவம் அடங்கியுள்ளது. அன்று அந்த வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கவில்லை. யாரை அடிக்கலாம், அடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற பாடம் நடந்தது. அதை அறை வாங்கியவனும் கற்றான், அறைந்தவர்களும் கற்றார்கள்.

தொலைக்காட்சி விவாதங்கள் வழக்கம்போல் ஒரு தனிநபரின் குணக்கேட்டைப் பற்றிப் பேசி ஓய்ந்தன. அந்த ஆசிரியை முறையான பயிற்சி பெற்றவரா என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது. ஆனால் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று எழுப்பப்படவே இல்லை. அவர் நாட்டின் ஏதேனும் ஒரு பி.எட். கல்லூரியில் இரண்டாண்டுகள் முழுமையாகப் பயின்றிருந்தாலும், அன்று அவர் செய்தது தவறு என்று அவருக்கு உறைக்கும்படியான பாடம் ஒன்று அங்கே இருந்திருக்குமா? இந்தியாவில் ஆசிரியர்கள் உருவாக்கப்படும் முறையை அறிந்த எவரும் ஆம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

ஒரு சம்பவமல்ல, ஒரு சங்கிலி

ராஜஸ்தான் மாநிலம் ஜாலோர் மாவட்டத்தில் 2022 ஜூலையில் ஒன்பது வயது தலித் மாணவன் ஆசிரியரால் தாக்கப்பட்டு, ஆகஸ்ட் 13 அன்று மருத்துவமனையில் உயிரிழந்தான். ஆசிரியருக்கென வைக்கப்பட்டிருந்த தண்ணீர்ப் பானையைத் தொட்டதே காரணம் எனக் குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். ஆசிரியர் கைது செய்யப்பட்டார். சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு விழாவுக்காக வீடுதோறும் கொடியேற்றச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில் இது நிகழ்ந்தது.

உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் 2021 டிசம்பரில், தலித் பெண் சமைத்த மதிய உணவை ஆதிக்க சாதி மாணவர்கள் உண்ண மறுத்தனர். மாணவர்களின் மனதை மாற்றுவதற்குப் பதிலாக அந்தப் பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். ஆந்திரா, பிகார், தில்லி, உத்தரப்பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் ஆய்வு செய்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கை, தலித், பழங்குடி, முஸ்லிம் குழந்தைகள் வகுப்பறையில் தனித்து உட்கார வைக்கப்படுவதையும், இழிசொற்களால் அழைக்கப்படுவதையும், கழிப்பறை சுத்தம் செய்ய ஏவப்படுவதையும் பதிவு செய்தது. இவற்றைச் சகிக்க முடியாமல் பள்ளியை விட்டு விலகும் குழந்தைகளே பின்னர் ‘இடைநின்றோர்’ என்று புள்ளிவிவரங்களில் சேர்க்கப்படுகின்றனர். அவர்கள் இடையில் நின்றவர்கள் அல்லர், வெளியே தள்ளப்பட்டவர்கள்.

சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர், தான் உட்காருவதற்கான கோணித் துணியை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. பள்ளிக் கடைநிலை ஊழியர் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம்தான். அந்தச் சிறுவன் வளர்ந்து நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை வரைந்தார். அதன் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் அந்தப் பிரிவு இன்றுவரை பல வகுப்பறைகளின் வாசற்படியைத் தாண்டவில்லை.

முகத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படும் இனப் பாகுபாடும் இதே சங்கிலியின் கண்ணியே. 2014 ஜனவரியில் தில்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தோற்றத்திற்காகக் கேலி செய்யப்பட்டு, தாக்கப்பட்டு மரணமடைந்தார். அதையடுத்து உள்துறை அமைச்சகம் அமைத்த பெஸ்பருவா குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை அளித்தது. சட்டத் திருத்தங்களோடு, வடகிழக்கின் வரலாறும் பண்பாடும் நாட்டின் கல்வித் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆறாண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது, மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் மாணவர்களைப் பெருநகர வீதிகளில் ‘கொரோனா’ என்று அழைத்தார்கள். அப்படி அழைத்தவர்கள் அனைவரும் பள்ளிக்குச் சென்றவர்களே. இந்தியாவின் வரைபடத்தை வரையக் கற்ற அவர்களுக்கு, அந்த வரைபடத்தின் கிழக்கு மூலையில் வாழும் மக்களைப் பற்றி எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரும்படி அந்த ஆசிரியருக்கும் எவரும் கற்பிக்கவில்லை.

பாகுபாடு மதிப்பெண்ணாக மாறும் விதம்

அடிப்பதும் அவமதிப்பதும் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத பாகுபாடு நாள்தோறும் நடக்கிறது. இதை இடதுசாரிகளின் மிகைப்படுத்தல் என்று ஒதுக்குவோர், உலக வங்கியின் ஆய்வாளர்களே கண்டறிந்ததைப் படிக்கலாம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமப் பள்ளிகளின் 6, 7ஆம் வகுப்பு மாணவர்கள் 642 பேரிடம் புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்கும் சோதனையை நடத்தினர். சாதி அறிவிக்கப்படாதபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஆதிக்க சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் புதிர்களை அவிழ்த்தனர். ஒவ்வொருவரின் பெயரோடும் சாதியையும் சேர்த்து அனைவர் முன்னிலையிலும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் செயல்திறன் கணிசமாகச் சரிந்தது. மூளை அதேதான், புதிரும் அதேதான். மாறியது சூழல் மட்டுமே. ‘அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று ஆசிரியர் அறைகளில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் வாக்கியத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமான உண்மையைக் காட்டியது. மாணவர்களின் விடைத்தாள்களில் சாதியைக் குறிக்கும் விவரங்கள் குலுக்கல் முறையில் மாற்றி இடப்பட்டு ஆசிரியர்களிடம் திருத்தத் தரப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சற்றே குறைவாக மதிப்பெண் கிடைத்தது. அவ்வாறு குறைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே என்பதையும் ஆய்வு கண்டது.

இதைக் கேட்டவுடன், ‘பார்த்தீர்களா, சாதி இல்லை’ என்று கொண்டாடுவோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. ஆளும் கருத்தியல் என்பது ஆளும் பிரிவினரின் மண்டைக்குள் மட்டும் குடியிருப்பதில்லை. ஒடுக்கப்பட்டவரின் சிந்தனைக்குள்ளும் அது புகுந்து, தன் பிள்ளையைத் தானே குறைத்து மதிப்பிடச் செய்கிறது. எனவே ஆசிரியர் பணியில் இடஒதுக்கீடு இன்றியமையாதது என்றாலும் அது மட்டுமே போதாது. எந்தப் பின்னணியிலிருந்து வந்த ஆசிரியராக இருந்தாலும், தன்னுள் ஊறிப்போன சாதியத்தையும் மதவெறியையும் ஆணாதிக்கத்தையும் அடையாளம் காணவும் களையவும் அவருக்குப் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சி எங்கே தரப்படுகிறது?

விற்பனைக்கு வந்த பயிற்சி

2009இல் வகுக்கப்பட்ட ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், ஆசிரியராக வருவோர் தமது சமூக நிலையையும் முன்முடிவுகளையும் தாமே கேள்விக்கு உட்படுத்திக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்றது. உச்சநீதிமன்றத்தின் உத்தரவால் அமைந்த நீதியரசர் ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை, பணிக்கு முந்தைய ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் அரசு சாராத் துறையின் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, அரசு இதில் முதலீடு செய்ய வேண்டும் என வலியுறுத்தியது. அந்த ஆணையம் அமைவதற்கே மகாராஷ்டிராவில் ஆசிரியர் பட்டயப் படிப்பு நடத்த அங்கீகாரம் கோரிய 291 நிறுவனங்கள் குறித்த வழக்குதான் காரணம். ஆணையம் பரிசோதித்தபோது அவற்றில் பெரும்பாலானவை தகுதியற்றவை எனத் தெரியவந்தது.

அதன்பின் பி.எட். படிப்பு இரண்டாண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. சமகால இந்தியாவும் கல்வியும், பாலினமும் பள்ளியும் சமூகமும், அனைவரையும் உள்ளடக்கும் பள்ளி என்ற தலைப்புகளில் தாள்கள் சேர்க்கப்பட்டன. இவை ஜனநாயகக் கல்வியாளர்களின் நெடுங்காலக் கோரிக்கையால் கிடைத்தவை. ஆனால் கட்டணம் கட்டினால் வருகைப்பதிவு கிடைக்கும், ரெக்கார்டு நோட்டுகள் கடையில் கிடைக்கும், கற்பித்தல் பயிற்சிக்கான சான்று தலைமையாசிரியரின் முத்திரையில் கிடைக்கும் என்ற நிலையில் உள்ள கல்லூரிகளில் இந்தத் தாள்கள் என்னவாகும்? தேர்வுக்கு முதல் நாள் வாங்கிய வழிகாட்டிப் புத்தகத்தில் ‘உள்ளடக்கிய கல்வியின் ஐந்து பண்புகள்’ என்று மனப்பாடம் செய்யப்படும். அதை எழுதி முதல் வகுப்பில் தேறியவர், பணியேற்ற முதல் நாளில் மாணவர் பட்டியலைத் திறந்து, சாதிப் பெயரைப் பார்த்து, யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று முடிவு செய்வார்.

போதாக்குறைக்கு, 2025இல் வெளியிடப்பட்ட தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வரைவு ஒழுங்குமுறைகள் ஓராண்டு பி.எட். படிப்பை மீண்டும் கொண்டுவர முன்மொழிந்துள்ளன. பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியோ கைப்பேசித் திரைக்குள் சுருங்கிவிட்டது. சுமார் 42 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பதாக 2019இல் தொடங்கப்பட்ட நிஷ்டா திட்டம், பெருந்தொற்றுக் காலத்தில் திக்‌ஷா இணையதளத்துக்கு மாற்றப்பட்டது. காணொலியை ஓடவிட்டு, வினாடி வினாவுக்கு விடையளித்தால் சான்றிதழ் வந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் படிந்த சாதிய மனோபாவம் வினாடி வினாவில் கரைந்துவிடும் என்று நம்புவோர் சாதியையும் அறியார், கல்வியையும் அறியார்.

கொள்கையே மௌனம் காக்கும்போது

இந்த அவலம் அலட்சியத்தின் விளைவு மட்டும் என்றால் திருத்தம் எளிது. இன்று அது கொள்கையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020இல் சமத்துவம், உள்ளடக்கம் போன்ற சொற்களுக்குப் பஞ்சமில்லை. தலித்துகள், பழங்குடியினர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் அனைவரும் ‘சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய குழுக்கள்’ என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டுள்ளனர். அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது எது என்பதைப் பற்றி மட்டும் அந்த ஆவணம் வாய் திறப்பதில்லை. நோயின் பெயரை எழுதாத மருத்துவச் சீட்டால் யாருக்குப் பயன்?

ஆசிரியர் கல்வி பற்றிய அதன் பகுதி இன்னும் வெளிப்படையானது. அனைத்து பி.எட். படிப்புகளும் அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு கூறும் அடிப்படைக் கடமைகளை வலியுறுத்த வேண்டும் என்று பிரிவு எண்ணோடு அது குறிப்பிடுகிறது. எஞ்சியவை அனைத்தும் ‘பிற அரசமைப்பு விதிகள்’ என்று ஒரே சொற்றொடரில் அடக்கப்பட்டுள்ளன. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு அங்கே பெயரளவில்கூட இல்லை. மத, இன, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் 15ஆவது பிரிவும் இல்லை. ஆசிரியர் கடமைகளைக் கற்பிக்க வேண்டும். உரிமைகளை மாணவர் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கொள்கையின் சாரம்.

2030க்குள் ஆசிரியராவதற்கான குறைந்தபட்சத் தகுதி நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே என்று கொள்கை அறிவித்தது. அந்தப் படிப்பின் வருகையால் நெருக்கடிக்கு உள்ளாகியிருப்பது எது என்பதைக் கவனிக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கப்பட்ட தொடக்கக் கல்வி இளநிலைப் பட்டப் படிப்பான பி.எல்.எட்., ஏற்கெனவே நான்காண்டுப் படிப்புதான். குழந்தை வளரும் சமூகச் சூழல், தன்னைத்தானே அறிதல், பள்ளிக் களப்பணி ஆகியவற்றை ஒன்றிணைத்த முன்னோடித் திட்டம் அது. அதை அகற்றிப் புதிய படிப்பைப் புகுத்துவதைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கடுமையாக எதிர்த்தனர். புதிய படிப்பில் ‘இந்தியாவை அறிதல்’ என்ற பெயரில் மரபும் பண்டைய அறிவு முறைகளும் பாடமாகின்றன. எந்த மரபு? ஏகலைவனின் கட்டை விரலை தட்சிணையாகக் கேட்ட குருவின் மரபா, அந்த விரலை இழந்தவனின் மரபா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்காத எந்தப் பயிற்சியும் இந்தியாவை அறியச் செய்யாது.

பயிற்சியில் இல்லாததை ஆசிரியர் பாடநூலிலிருந்தாவது கற்றுக்கொள்ளலாம் என்றால் அந்த வாயிலும் அடைக்கப்படுகிறது. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்சிஇஆர்டி நூல்களிலிருந்து 12ஆம் வகுப்பு வரலாற்றின் முகலாய அரசவைகள் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. குஜராத் 2002 நீக்கப்பட்டது. தலித் சிறுத்தைகள் உள்ளிட்ட மக்கள் இயக்கங்களின் எழுச்சியைப் பேசிய அத்தியாயம் நீக்கப்பட்டது. 2021 நவம்பரில், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எவ்வாறு அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. ஆசிரியருக்கு உணர்வூட்ட முயன்ற ஒரு கையேட்டைக்கூடத் தாங்கிக்கொள்ள இயலாத ஆட்சி இது. குப்பாபூர் வகுப்பறையை இந்த மௌனங்களிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

குழந்தையின் மொழி தெரியாத ஆசிரியர்

பண்பாட்டுப் புறக்கணிப்பின் மிகக் கொடிய வடிவம் மொழியில் நிகழ்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீலி மொழி பேசுவோர் ஒரு கோடிக்கும் மேல். கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம். இரண்டும் எட்டாவது அட்டவணையில் இல்லை. 24,821 பேர் மட்டுமே தாய்மொழியாகப் பதிவு செய்த சமஸ்கிருதம் அந்த அட்டவணையில் உள்ளது. பஸ்தரில் கோண்டிக் குழந்தை முதல் நாள் பள்ளிக்கு வருகிறது. ஆசிரியர் இந்தியில் பேசுகிறார். குழந்தைக்குப் புரியவில்லை, பேசாமல் இருக்கிறது. அந்த மௌனத்தை அறிவின்மை என்று ஆசிரியர் பதிவேட்டில் எழுதுகிறார். உண்மையில் அந்த வகுப்பறையில் மொழி தெரியாதவர் ஆசிரியரே.

அரசமைப்பின் 350-ஏ பிரிவு தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. தாய்மொழிக் கல்வியைப் புகழ்ந்து தேசியக் கல்விக் கொள்கையும் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. ஆனால் குடுக்கிலும் கோண்டியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் போதிய எண்ணிக்கையில் உருவாக்கும் பயிற்சிக் கல்லூரிகள் எங்கே?

மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஒடிசாவில் 2006-07இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடங்கிய பன்மொழிக் கல்வித் திட்டம் பின்னர் 21 மொழிகளுக்கு விரிந்தது. அந்தந்தச் சமூகங்களிலிருந்தே ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2017இல் வயநாடு மாவட்டத்தில் ‘கோத்ர பந்து’ திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்கள் 241 பேர் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். பணியர், அடியர், காட்டுநாயக்கர் குழந்தைகளுக்குத் தம் மொழியில் பேசும் ஒருவர் கரும்பலகைக்கு அருகில் நின்றார். ஒன்றிய அரசு பாடநூலிலிருந்து நீக்கிய பகுதிகளை 2023இல் துணைப் பாடநூலாக அச்சிட்டு மாணவர்களிடம் சேர்த்ததும் அதே அரசுதான். கூட்டாட்சி உரிமை என்பது வகுப்பறையில் எவ்வளவு பொருள் பொதிந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

மூன்று மறுப்புகளும் விடைகளும்

ஆசிரியர் பயிற்சியில் சாதி, மதம், இனம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்றவுடன் மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது, எல்லாக் குழந்தைகளையும் சமமாகப் பார்த்தால் போதும், எதற்கு வேற்றுமையைப் பேச வேண்டும் என்பது. ஏற்கெனவே சமமற்ற நிலையில் நிற்பவர்களை ஒரே கண்ணால் பார்ப்பது சமத்துவமாகாது. சாதியைப் பார்க்கவே மாட்டேன் என்னும் ஆசிரியர், சாதியின் பெயரால் ஒரு மாணவன் அவமதிக்கப்படும்போதும் பார்க்க மாட்டார்.

இரண்டாவது, இவையெல்லாம் மேலை நாட்டிலிருந்து இறக்குமதியான கருத்துகள் என்பது. 1882இல் ஹன்டர் கல்வி ஆணையத்தின் முன் சாட்சியமளித்த ஜோதிராவ் பூலே, தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஏறத்தாழ அனைவரும் பிராமணர்களாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். உழவர் வகுப்புகளிலிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வர வேண்டும் என்றார். அவர்களால்தான் மக்களோடு இயல்பாகக் கலந்து பழகவும் அவர்களது தேவைகளைப் புரிந்துகொள்ளவும் முடியும் என்று வாதிட்டார். ஆசிரியர் பயிற்சியில் சமூக நீதி என்ற கோரிக்கை பூனாவில் பிறந்து ஒன்றரை நூற்றாண்டை நெருங்குகிறது. இந்திய மரபு என்று முழங்குவோரின் மரபுப் பட்டியலில் பூலேவுக்கு இடமில்லை என்பதே சிக்கல்.

மூன்றாவது மறுப்பு முற்போக்கு முகாமிலிருந்தே சில நேரங்களில் எழுகிறது. ஆசிரியர்கள் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கும் காலத்தில் அவர்களது மனோபாவத்தைக் குறை சொல்வது ஆட்சியாளர்களுக்கே உதவும் என்கிறது அது. இதில் உள்ள நியாயத்தை மறுப்பதற்கில்லை. உத்தரப்பிரதேசத்தில் நிரந்தரமாக்கப்பட்டிருந்த சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம் சிக்‌ஷா மித்ராக்களின் நியமனம் 2017இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் ரத்தானது. மாதம் 10 ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்திற்கு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்த ஆசிரியரிடம், ஊர் ஆதிக்க சாதியினரை எதிர்த்து நிற்கும் துணிவை எதிர்பார்க்க இயலாது. அதனால்தான் ஆசிரியரின் பணிப் பாதுகாப்பும் மாணவரின் கண்ணியமும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகளாகின்றன. தலித் குழந்தையையும் முஸ்லிம் குழந்தையையும் பழங்குடிக் குழந்தையையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளாத ஆசிரியர் இயக்கம், தாக்கப்படும்போது மக்களின் துணையின்றித் தனித்து நிற்க நேரும். அரசுப் பள்ளியை நம்பி வருவோர் அந்தக் குழந்தைகளே. அவர்கள் வெளியேறினால் பள்ளி மூடப்படும், பணியிடமும் மறையும்.

சமூக நீதி மண் என்று பெயர் பெற்ற தமிழ்நாட்டுக்கும் விதிவிலக்கு இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவரது தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டனர். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போதே சமூக நீதி குறித்த அவர்களது மனப்பான்மையை அறிய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பிற மாநிலங்களும் எடுத்துக்கொள்ளத்தக்க பரிந்துரை அது. ஆனால் மனப்பான்மையைச் சோதிப்பதற்கு முன் அதைச் செம்மைப்படுத்தும் பயிற்சி இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

சாதி, மதவெறி, இனவெறி, ஆணாதிக்கம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கற்பிக்கும் கட்டாயத் தாள், களப்பணியுடன் எல்லா ஆசிரியர் கல்விப் படிப்புகளிலும் இடம்பெற வேண்டும். தொழிலாளர் குடியிருப்பிலும் பழங்குடிக் கிராமத்திலும் சில வாரங்கள் தங்கிக் கற்காத எவரும் ஆசிரியர் சான்று பெறலாகாது. ஆசிரியர் கல்வியில் தனியார் கொள்ளைக்கு முடிவு கட்டி, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் காலியிடங்களை நிரப்பி, அவற்றுக்குப் போதிய நிதி வழங்க வேண்டும். பழங்குடி மொழிகளில் ஆசிரியர் பயிற்சி தொடங்கப்பட வேண்டும். நலிந்த பிரிவினரின் குழந்தை எக்காரணத்தாலும் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் உறுதி செய்யும் பொறுப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அரசின் மீது சுமத்துகிறது. அதை மீறுவோர் மீது புகார் அளிக்கவும் விசாரிக்கவும் ஒவ்வொரு வட்டாரத்திலும் அமைப்பு வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

இவற்றை அரசு தானாகத் தந்துவிடாது. ஆசிரியர் சங்க மாநாடுகளின் தீர்மானங்களில் ஊதியக் கோரிக்கையின் அருகில் இந்தக் கோரிக்கையும் எழுதப்பட வேண்டும். மாணவர் இயக்கம் பி.எட். கல்லூரி வாயில்களுக்குச் செல்ல வேண்டும். மாதர், வாலிபர், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளில் பணிபுரியும் தோழர்கள், தத்தம் பகுதிப் பள்ளியில் எந்தக் குழந்தை எங்கே உட்காருகிறது, யார் கழிப்பறை கழுவுகிறார்கள், தண்ணீர்ப் பானையை யார் தொடலாம் என்று நேரில் சென்று பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் அதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும்.

குப்பாபூர் சிறுவன் வாய்ப்பாட்டை என்றேனும் கற்றுக்கொள்வான். அன்று அவனை அறைந்த கைகள் வேறு பாடத்தைக் கற்க வேண்டியிருக்கிறது. அதைக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்கும் போராட்டம், மதவெறிக்கும் சாதிவெறிக்கும் எதிரான போராட்டத்தின் பிரிக்க முடியாத பகுதி.